மலைநாட்டுக்கு வானொலி வந்த வழி

வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் நிலையத்தில் தொடங்கி நிலையத்திலேயே முடித்துவிடுவர். எந்த ஆண்டில் எந்தக் கோபுரம் எழுந்தது, எந்தத் தேசாதிபதி திறந்துவைத்தார், எந்த அறிவிப்பாளர் புகழ் பெற்றார் என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்கள். அவை வேண்டியனவே. ஆயினும் ஒலிபரப்பு என்பது இருமுனை கொண்ட காரியம். ஒரு முனையில் பேசுபவர் இருக்கிறார். மறுமுனையில் கேட்பவர் இருக்கிறார். கேட்பவரின் கையில் ஒரு பெட்டியும், அந்தப் பெட்டியை இயக்க ஒரு சக்தியும் இல்லையேல் பேசுபவரின் குரல் காற்றோடு போகும். கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் பொறுத்தவரை, வானொலியின் வரலாறு கோபுரத்தின் வரலாறு அன்று. அது பற்றரியின் வரலாறு.

இன்று கண்டி நகரத்துக் கடையொன்றில் ஒருவர் நுழைந்து, குளியலறையில் வைத்துக் கேட்பதற்குப் பற்றரியில் இயங்கும் டிஜிட்டல் வானொலி ஒன்று வேண்டும் என்று கேட்கக்கூடும். கேள்வி சிறியது, சற்றே சொகுசானது என்றும் சிலருக்குத் தோன்றும். ஆனால் அந்த ஒரு கேள்வியினுள் மூன்று பழைய கேள்விகள் அடங்கிக் கிடக்கின்றன. மின்கம்பி எட்டாத இடத்தில் குரல் எப்படி எட்டுவது? மலை மறைக்கும் இடத்தில் அலை எப்படி வந்து சேர்வது? ஈரமும் பனியும் நிறைந்த இடத்தில் கருவி எப்படிப் பிழைப்பது? இம்மூன்று கேள்விகளுக்கும் இம்மலைநாட்டு மக்கள் ஒரு நூற்றாண்டுக் காலமாக விடை தேடி வந்திருக்கின்றனர்.

இலங்கையில் ஒலிபரப்பைத் தொடக்கியவர் எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். தந்தித் திணைக்களத்தில் தலைமைப் பொறியியலாளராக 1921-ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த அவர், 1923-இல் கொழும்பிலே சோதனை ஒலிபரப்பை நடத்திக் காட்டினார். முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டே அவருடைய ஒலிபரப்பி அமைக்கப்பட்டது என்பர். கடலடியில் அழிவுக்கென்று செய்யப்பட்ட கருவி, கரையேறி வந்து பாட்டிசைத்தது விதியின் விளையாட்டே. 1925-ஆம் ஆண்டு டிசெம்பர் 16-ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் முறையான ஒலிபரப்பைத் தொடக்கி வைத்தார். இலண்டனில் பி.பி.சி. தொடங்கி மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. ஆசியாவிலே எழுந்த முதல் வானொலி நிலையங்களுள் கொழும்பு நிலையமும் ஒன்றாயிற்று.

கொழும்பிலே பேசினார்கள், கண்டியிலே கேட்டவர் யார்? அக்காலத்துக் கருவிகளை எண்ணிப் பார்த்தால் விடை தானே விளங்கும். வால்வுகளால் இயங்கிய அப்பெட்டிகளுக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் நகரத்தின் முக்கியமான வீதிகளைத் தாண்டவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் வானொலி வைக்க விரும்பியவர் மூன்று வகைப் பற்றரிகளை ஒருங்கே பேண வேண்டியிருந்தது. வால்வின் இழையைச் சூடாக்க 2 வோல்ற்று ஈயச் சேமிப்புக்கலம் ஒன்று. தட்டுக்கு 90 அல்லது 120 வோல்ற்று தரும் பெரிய உலர் பற்றரி ஒன்று. இவற்றோடு சிறு பற்றரி இன்னொன்று. சேமிப்புக்கலம் கண்ணாடிக் குடுவையிலே அமிலம் நிறைந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதனை நகரத்துக்குக் கொண்டு சென்று மின்னேற்றி வரவேண்டும். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையிலே பஸ் வண்டியில் மடியில் அமிலக் குடுவையோடு பயணம் செய்தவர்களின் வேட்டிகள் பட்டபாட்டை எந்த வரலாற்று நூலும் எழுதிவைக்கவில்லை. துரைமார் பங்களாக்களுக்கும், நகரத்து வணிகர், வழக்கறிஞர் இல்லங்களுக்கும் மட்டுமே இந்தச் செலவும் சிரமமும் கட்டுப்படியாயின.

தோட்டங்களிலே மின்சாரம் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மலையருவியைத் திருப்பிச் சுழலி ஓட்டித் தேயிலைத் தொழிற்சாலைக்கு விசை பெற்ற தோட்டங்கள் பல இருந்தன. அந்தச் சக்தியில் ஒரு பகுதி துரையின் பங்களாவுக்கு விளக்கெரித்தது. கம்பி அங்கேயே நின்றுவிட்டது. அதே மலைச்சரிவிலே, கூப்பிடு தூரத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக அமைந்த லயங்கள் மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் கிடந்தன. கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட 1867-ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் செல்வத்தைச் சுமந்து நின்றவர்கள் அந்த லயத்து மக்களே. ஆனால் தேயிலையைக் கொண்டு செல்ல இரும்புப்பாதை அமைத்த நாகரிகம், ஓர் இருபது யார் மின்கம்பியை லயத்துக்கு இழுக்க மனம் கொள்ளவில்லை. இந்த இருபது யார் இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டாலன்றி மலைநாட்டு வானொலியின் கதை விளங்காது.

கண்டி ஒலிபரப்பு வரலாற்றிலே ஒரு சிறப்பான இடத்தைப் பெற்றது இரண்டாம் உலகப் போரின்போதுதான். தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைவர் மௌன்ற்பேற்றன் பிரபு 1944-ஆம் ஆண்டு ஏப்பிரலில் தம் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்து மரநிழலிலே படைத்துறை அலுவலகங்கள் எழுந்தன. அப்படையினருக்கென்று தொடங்கப்பட்டதே ‘றேடியோ சியாக்’. தொடக்கத்தில் சிறு ஆற்றலோடு இயங்கிய அந்நிலையத்துக்கென 100 கிலோவாற்று வலுக்கொண்ட சிற்றலை ஒலிபரப்பி ஒன்று ஜா-எலவுக்கு அருகேயுள்ள ஏக்கலையிலே நிறுவப்பட்டது. அது முழுவலுவோடு பேசத் தொடங்கியபோது ஆண்டு 1946, போர் முடிந்துவிட்டது. பர்மியக் காடுகளில் ஏங்கிக் கிடந்த சிப்பாய்க்கென்று திட்டமிட்ட குரல், சிப்பாய் வீடு திரும்பும் வேளையில் உரத்தது. ஆனால் எய்த அம்பு வீண்போகவில்லை. 1949-இல் அக்கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. ‘றேடியோ சிலோன்’ என்ற பெயரும் பிறந்தது. அயலிலுள்ள எந்த நாட்டவரும் பொறாமைப்படத்தக்க ஓர் ஒலிபரப்பி, சின்னஞ்சிறு தீவுக்குப் போரின் எச்சமாகக் கிடைத்தது.

1950-ஆம் ஆண்டு செப்டெம்பரில் தொடங்கிய வர்த்தக சேவையின் புகழை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் அதனை உருவாக்கினார். எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் தமிழ்க் குரலைக் கேட்கப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் மக்கள் காத்திருந்தனர். அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த அந்த ஆண்டுகளில், 1957-இல் விவிதபாரதி தோன்றும்வரை, தமிழகத்துத் தேநீர்க்கடைகளில் ஒலித்தது கொழும்பின் குரலே. சானா என்று நாடறிந்த சண்முகநாதன் தயாரித்த நாடகங்களும் அந்தக் காலத்துச் செல்வங்களே.

சிற்றலை மலைநாட்டுக்கு வாய்த்த ஒரு வரம். காரணம் எளிது. மத்திய அலை பெரும்பாலும் நிலத்தைத் தழுவிச் செல்வது. பாறையும் பள்ளத்தாக்கும் நிறைந்த நிலத்தில் அது விரைவிலே களைத்துப் போகும். சிற்றலையோ வானத்தை நோக்கி எழுந்து, அங்குள்ள மின்னணுப் படலத்திலே பட்டுத் திரும்பி மேலிருந்து விழுவது. ஹந்தானை மலை இடையில் நின்றாலும், நக்கிள்ஸ் தொடர் குறுக்கே நின்றாலும், வானத்திலிருந்து வரும் மழையை எந்த மலை தடுக்கும்? வெப்பவலய நாடுகளின் உள்நாட்டு ஒலிபரப்புக்கென 60 மீற்றர் போன்ற அலைப்பகுதிகள் தனியே ஒதுக்கப்பட்டிருந்ததும் இக்காரணம் பற்றியே. இடியும் மின்னலும் மிகுந்த மாலைப் பொழுதில் இரைச்சல் எழும்; குரல் ஏறும், இறங்கும். கேட்பவர் பொறுத்துக்கொண்டனர்.

ஆக, மேலிருந்து குரல் வந்து விழுந்துகொண்டே இருந்தது. ஏந்திப் பிடிக்கும் பாத்திரம் இல்லாதிருந்ததே குறை.

பாத்திரம் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு பொருத்தம் உண்டு. இதே காலத்தில் ஆபிரிக்காவின் வட றொடீசியாவில், இன்றைய சாம்பியாவில், ஹரி பிராங்ளின் என்ற தகவல் அதிகாரி இதே சிக்கலை எதிர்நோக்கினார். மின்சாரம் இல்லாத கிராமத்து ஆபிரிக்கர் வாங்கக்கூடிய விலையில் ஒரு வானொலி வேண்டுமென்று பல நிறுவனங்களின் கதவைத் தட்டினார். இறுதியில் பிரித்தானியப் பற்றரி நிறுவனமான எவர் ரெடி இசைந்தது. சமையற் சட்டி செய்யும் தொழிற்சாலையிலிருந்து கைப்பிடி பொருத்தாத சட்டிகளைப் பெற்று, அவற்றுக்கு நீலவண்ணம் பூசி, நான்கு வால்வு கொண்ட கருவியை அவற்றினுள் வைத்தனர். 1949-இல் வெளிவந்த அந்தச் ‘சட்டி வானொலி’யின் விலை 5 பவுண், ஏறத்தாழ 300 மணிநேரம் உழைக்கும் உலர் பற்றரிக்கு மேலும் ஒரு பவுண் 5 சிலிங். அமிலக் குடுவை இல்லை, மின்னேற்றும் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. வணிகர் இலாபம் காணாத இடத்தில் ஓர் அதிகாரியின் பிடிவாதம் வழி திறந்தது. இலங்கைத் தோட்டப்புறத்துக்கு இத்தகைய பிடிவாதக்காரர் ஒருவர் வாய்த்திருந்தால் லயத்து மக்கள் பத்தாண்டுகள் முந்தியே உலகச் செய்தியைக் கேட்டிருப்பர். இங்கே உலர் பற்றரி வானொலிகள் வந்தன எனினும், அவை பெரிய கங்காணி வீட்டிலும் கணக்கப்பிள்ளை வீட்டிலும் தோட்டத்துக் கடையிலுமே அமர்ந்தன. மற்றவர்கள் வாசலில் நின்று கேட்டனர். வாசலில் நின்று கேட்பவனுக்கு எதைக் கேட்பது என்று தெரிவு செய்யும் உரிமை கிடையாது. பெட்டிக்காரர் மூடினால் உலகமும் மூடிக்கொள்ளும்.

அந்தப் பத்தாண்டு சாதாரணமான பத்தாண்டும் அன்று. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு அவர்களின் வாக்குரிமையும் பறிபோயிற்று. தம்மைப் பற்றிய சட்டம் எது, விண்ணப்பிக்க இறுதி நாள் எது, எந்தச் சான்றைக் காட்ட வேண்டும் என்பவற்றை அம்மக்கள் பிறர் வாய்மொழியாகவே அறிய நேர்ந்தது. செய்தித்தாள் லயத்துக்கு வருவது அரிது. வந்தாலும் வாசிக்கக் கற்றவர் சிலரே. எழுத்தறியாதவனுக்கு வானொலி வெறும் பொழுதுபோக்குப் பெட்டி அன்று. அவனுக்கு வாய்த்த ஒரே பத்திரிகை அது. இரவு மின்விளக்கில் செய்தி கேட்டவர்கள் தம் தலைவிதி எழுதப்படுவதைக் கேட்டனர். இருட்டிலே இருந்தவர்கள் எழுதி முடிந்த பின்னரே அறிந்தனர்.

நிலைமையை மாற்றியது ஒரு கடுகளவுப் பொருள். 1947-ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீன், பிராற்றெயின், சொக்லி ஆகியோர் கண்ட திரான்சிஸ்டர், வால்வுக்கு மாற்றாக வந்தது. சூடாக்க வேண்டிய இழை அதில் இல்லை. ஆதலால் சக்தியில் பெரும்பகுதி மிச்சமாயிற்று. 90 வோல்ற்று வேண்டிய இடத்தில் சில வோல்ற்றே போதுமானது. 1954-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘றீஜன்சி’ என்ற சட்டைப்பை வானொலியின் விலை 49 டொலர் 95 சதம். அடுத்த ஆண்டிலே யப்பானிய சோனி நிறுவனம் தன் முதல் திரான்சிஸ்டர் வானொலியை வெளியிட்டது. யப்பானியர் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தனர். 1960-களில் அவை கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிக் கடைகளை அடைந்து, அங்கிருந்து மலையேறின. ரோச் விளக்குக்கு இடும் அதே பற்றரி வானொலிக்கும் போதும் என்ற நிலை ஏற்பட்டதே உண்மையான புரட்சி. ஏனெனில் ரோச் பற்றரி தோட்டத்துக் கடையிலும் கிடைத்தது. அமிலக் குடுவையோடு நகரத்துக்கு இறங்கிய காலம் மலையேறிப் போயிற்று.

திரான்சிஸ்டர் வானொலி மின்கம்பியிலிருந்து மட்டுமன்றி மேசையிலிருந்தும் விடுதலை பெற்றது. அது நடக்கத் தொடங்கியது. தோட்டப்புறத்துக் குளியலறை எது என்று கேட்டால், அது பீலிக்கரைதான். மலை ஊற்றின் நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ அமைந்த பீலியின் வழியாக விழச்செய்து, அதன் கீழே நின்று குளிப்பது மலைநாட்டு வழக்கம். கண்டியை ஆண்ட கடைசி மன்னனும் நாயக்கர் குலத்தவனுமான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் தன் அரசியர் நீராட வாவிக்கரையிலே ‘உல்பென்கே’ என்னும் நீராழி மண்டபம் கட்டுவித்தான், குடிகளுக்குப் பீலி. கொழுந்து நிறுத்துக் கொடுத்து, சேறும் அட்டைக்கடியும் கழுவப் பீலிக்கு வந்த இளைஞன், கல்லின் மேலே துவாயை மடித்து வைத்து, அதன்மேல் திரான்சிஸ்டரை நிறுத்திப் பாட்டுக் கேட்டபடியே குளித்தான். குளிக்குமிடத்தில் வானொலி என்பது இன்றைய நாகரிக வீடுகளின் கண்டுபிடிப்பு என்று எண்ணுபவர்கள் இதனை அறிந்துகொள்வது நல்லது.

அப்பெட்டியின் உள்ளே கரிய பெரைற்றுக் கோல் ஒன்று மத்திய அலையைப் பிடிக்கும். அதன் முனை நிலையத்தின் திசையை நோக்கினால் ஒலி தேயும்; பக்கவாட்டில் திரும்பினால் ஒலி ஓங்கும். இந்த இயற்பியலை எவரும் லயத்திலே கற்பிக்கவில்லை. ஆனால் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினால் கொழும்பு தெளிவாகும் என்பது சிறுவர்க்கும் தெரிந்திருந்தது. பாடசாலையிலே திசைகாட்டி பற்றிப் படிக்காத பிள்ளைகள் வானொலிப் பெட்டியால் திசை அறிந்தனர் என்று சொன்னால் மிகையாகாது.

பற்றரி தீர்ந்துபோவதே பெருங்கவலை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. பல பொருள்கள் கடையில் அருகின. தளர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து மீண்டும் போடும் வழக்கத்தை நகரத்தார் நகைத்தனர். அது நகைப்புக்குரியதன்று. துத்தநாகமும் காபனும் கொண்ட உலர்கலத்தில் சூடு ஏறும்போது உள்ளிருக்கும் பசையில் வேதிவினை சற்றே விரைவுபடும், உட்தடை குறையும். ஒரு மாலைச் செய்திக்குப் போதுமான உயிர் அதில் திரும்பும். போகப்போகக் கலத்தின் துத்தநாக ஓடே அரிக்கப்பட்டு, பசை கசிந்து பெட்டியின் கம்பிச் சுருள்களைப் பச்சை பூக்கச் செய்வதும் உண்மையே. மலையின் ஈரக்காற்று அந்த அரிப்புக்குத் துணைநிற்கும்.

1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974-இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்து தீர்க்கப்பட்டது. எண்ணிக்கைகள் பெரியவை, ஆனால் ஒவ்வோர் எண்ணும் ஒரு லயத்தின் ஓர் அறை. இந்தமுறை அச்செய்திகளைக் கேட்கும் பெட்டி பல அறைகளிலே இருந்தது என்பதே 1948-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. முடிவை மாற்றும் வல்லமை அந்தப் பெட்டிக்கு இல்லை. ஆயினும் கங்காணியின் திண்ணையில் நின்று ஒருவர் சொல்லக் கேட்பதற்கும், தன் அறையிலிருந்து தானே கேட்பதற்கும் இடையே மனிதனின் மதிப்பிலே ஒரு வேற்றுமை உண்டு.

தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் சேர்ந்தவர்களுள் பலர் நீலகிரி மலைகளிலே குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கென்றே தமிழக அரசு 1968-இல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. ‘டான்டீ’ எனப்படுவது அதுவே. அங்கேயும் மலை, அங்கேயும் தேயிலை. அங்கேயும் பெட்டியைத் திருகினால் சிற்றலையிலே கொழும்பு பேசிற்று. விட்டுவந்த நாட்டின் குரல் கடல் கடந்து வந்து சேர்வதை எந்த ஒப்பந்தமும் தடுக்கவில்லை.

இலங்கையிலே எஞ்சியவர்களின் குடியுரிமைக் குறை பெரும்பாலும் தீர 2003-ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இதற்கிடையில் லக்சபானை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. டி. ஜே. விமலசுரேந்திர 1918-லேயே கனவு கண்டு விளக்கிய அத்திட்டம் 1950-இன் இறுதியில் மின்சாரம் தந்தது. மலைநாட்டின் ஆறுகளே நாட்டுக்கு ஒளி கொடுத்தன. அந்த ஆற்றங்கரை லயங்களுக்குக் கம்பி வந்து சேர்ந்தது நெடுங்காலம் கழித்தே.

1977-க்குப் பின் இறக்குமதி தளர்ந்ததும் ஒலிநாடாப் பதிவோடு கூடிய பெரிய வானொலிகள் குவிந்தன. 1982-இல் ரூபவாகினி தோன்றியது. வானொலியின் காலம் போயிற்று என்று பலர் சொல்லத் தொடங்கிய நேரத்திலே, கண்டிக்குத் தெற்கே ஒரு சிறு நிலையம் வேறொரு வழியைக் காட்டியது. கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்ந்த மக்களை மனத்திற்கொண்டு 1989-இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி அது. 1999-அளவிலே அங்கே இணையத்தையும் வானொலியையும் இணைத்தனர். கிராமத்தவர் கேட்டனுப்பும் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி, அதனை உள்ளூர் மொழியிலே ஒலிபரப்பினர். கணினி வாங்க இயலாத விவசாயி, பற்றரி வானொலியின் மூலம் இணையத்தைக் கேட்டார். உலகின் பல பாகங்களிலிருந்து ஆய்வாளர்கள் அந்தச் சிறு நிலையத்தைத் தேடி வந்தனர்.

பண்பலை எனப்படும் எப்.எம். ஒலிபரப்பு 1990-களில் பரவியது. 1998-இல் சக்தி, சூரியன் போன்ற தனியார் தமிழ் நிலையங்கள் எழுந்தன. தெளிவான ஒலி, இரைச்சலற்ற பாட்டு. ஆனால் சிற்றலை தந்த வரம் இதிலே இல்லை. எப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டிலே செல்வது. மலை குறுக்கிட்டால் மறுபுறத்தில் நிழல் விழும். அதனாலேயே ஹந்தானையிலும் ஹுன்னஸ்கிரியவிலும் பிதுருதலாகலையிலும் கோபுரங்கள் வேண்டியிருந்தன. ஹந்தானைக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடிய வீட்டில் கம்பியை நீட்டாமலே கேட்கலாம். ஒரு மடிப்பைத் தாண்டிய பள்ளத்தாக்கில் அதே நிலையம் கரகரக்கும். கண்டியில் வானொலி வாங்குபவர் கொழும்பிலுள்ள உறவினரின் பரிந்துரையைக் கேட்டு வாங்குவது இக்காரணத்தால் பயன்படாது.

இப்போது டிஜிட்டல் வானொலிக்கு வருவோம். இச்சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. வாங்குபவர் ஏமாறுவதும் இங்கேதான். ஒலியையே எண்களாக மாற்றி அனுப்புவது ஒன்று. ஐரோப்பாவிலே 1980-களில் உருவாகி, 1995-ஆம் ஆண்டு செப்டெம்பரில் பி.பி.சி. கைக்கொண்ட டி.ஏ.பி. முறை அத்தகையது. நோர்வே நாடு 2017-இல் தன் தேசிய எப்.எம். சேவைகளையே நிறுத்திவிட்டு இம்முறைக்கு மாறியது. மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் ஏற்ற டி.ஆர்.எம். என்ற முறையும் உண்டு. அண்டை நாடான இந்தியாவிலே அகில இந்திய வானொலி அதனை மேற்கொண்டது. இலங்கையிலோ டி.ஏ.பி. முறையில் வழமையான சேவை எதுவும் ஏற்படவில்லை. எனவே வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் விலையுயர்ந்த டி.ஏ.பி. வானொலியில், கண்டியிலே உழைப்பது அதன் எப்.எம். பகுதி மட்டுமே. கடைகளில் ‘டிஜிட்டல்’ என்று விற்கப்படும் பெட்டிகளிற் பெரும்பாலானவை எண்களாலே அலைவரிசையைக் காட்டுபவை. அலை பழைய அலையே. அது குறையன்று. ஈரக்கையோடு திருகி நிலையம் தேடுவதைவிட, எண்ணை நினைவிலிட்டு ஒரு பொத்தானை அழுத்துவது எளிது. முள் நகர்ந்து நிலையம் தவறும் தொல்லையும் இல்லை.

குளியலறைக்கு ஏன் பற்றரி? இங்கேதான் பழைய தேவை புதிய காரணத்தோடு திரும்பி வருகிறது. அன்று கம்பி இல்லாததால் பற்றரி. இன்று கம்பி இருப்பதால் பற்றரி. 230 வோல்ற்று மின்சாரமும் நனைந்த உடலும் ஒரே அறையில் இருத்தல் ஆகாது. பிரித்தானியாவில் குளியலறைகளில் சவரக்கருவிக்குரிய தனிப்பட்ட இணைப்பைத் தவிர மற்றைய மின்குதைகளை விதிகள் தடுத்துள்ளன. ஒரு சில வோல்ற்றுப் பற்றரி நீரில் விழுந்தால் பெட்டி கெடும், ஆளுக்கு அபாயமில்லை.

நீருக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த குறியீடு உண்டு. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணிநேரம் கிடந்தும் பிழைக்கும். கல்லின்மேல் துவாய் மடித்து வானொலி வைத்த பீலிக்கரை இளைஞனுக்கு நான்காம் இலக்கமே போதியிருக்கும். ஆனால் தெறிக்கும் நீரைவிட நீராவி வஞ்சகமானது. குளிர்ந்த கண்டிக் காலையில் வெந்நீரில் எழும் ஆவி, பெட்டியின் உள்ளே நுழைந்து குளிர்ந்து துளியாகும். காகிதக் கூம்புடைய ஒலிபெருக்கி ஊறி உப்பும். கூம்பு பிளாஸ்திக்கினாலோ இறப்பராலோ ஆனதா என்று விசாரிப்பது பேரழகான வடிவத்தை நாடுவதைவிடப் பயனுடையது. எண்களைக் காட்டும் திரையும் அதன் விளக்கும் சக்தியை உண்பன. ஆதலால் சில நொடிகளில் தானே அணையும் திரை நன்று.

மின்னேற்றும் பற்றரி பெட்டிக்குள்ளேயே மூடப்பட்டிருப்பதா, கடையில் வாங்கி மாற்றத்தக்க பற்றரியா என்ற கேள்விக்கு 2022-ஆம் ஆண்டு ஒரு விடை தந்தது. அந்நியச் செலாவணி வற்றி எரிபொருள் இல்லாது போன அவ்வாண்டு மார்ச் இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கைத்தொலைபேசி மின்னேற்றமின்றி மௌனமாயிற்று. தொலைக்காட்சி கறுத்து நின்றது. மின்னேற்றும் வானொலிகளும் ஓரிரு நாளில் தளர்ந்தன. எந்தப் பிரதேசத்துக்கு எப்போது மின்சாரம், எரிவாயு எங்கே வருகிறது, எந்தப் பாடசாலைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்டது என்பவற்றை அறிய வேண்டியிருந்த வீடுகளில், பரணிலே கிடந்த பழைய பெட்டிகள் இறக்கப்பட்டன. பற்றரி அறையைத் திறந்தவர்களுட் பலர் பச்சை பூத்த சுருளையே கண்டனர். முன்னர் போட்டு மறந்த பற்றரி கசிந்திருந்தது. மணல்தாளாலும் வினாகிரியாலும் அதனைத் துடைத்துச் சீராக்கியவர்களுக்குக் கொழும்பு கேட்டது. அதன் பின்னர் அப்பெட்டிகளைப் பரணில் வைப்போர், மழைக்காலம் தொடங்குமுன் பற்றரியைக் கழற்றித் தனியே பொதிந்து வைக்கின்றனர்.